கமம் இழந்தோர் பாடிய கமத்துப் பாட்டு

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரு கருத்தைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வகுப்பிலே சொல்லிவிட்டால், அது மெய்தானா என்று மீண்டும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் அவர்களை விட்டு அகன்றுவிடும். எம்மிடமும் அத்தகைய கருத்து ஒன்று இருந்தது. மண்ணிலே முளைத்து, இயற்றியவர் பெயர் அறியப்படாது, வாய்வழியாக வழங்கி வருவதே நாட்டார் பாடல். கூலிக்கு எழுதிக் கடையிலே விற்கப்படுவது வெறும் சரக்கு. முன்னையது பண்பாடு, பின்னையது பொழுதுபோக்கு என்பதே அது. எமது குறிப்பேட்டில் இவ்வரிகள் மை மங்கிப்போகும் அளவுக்குப் பழமையானவை.

சென்ற தவணையின் இறுதிக் கிழமையில் இதனை மேல்வகுப்பு மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோகோ' என்னும் சித்திரப் படத்தைத் தன் தங்கை ஓயாது பார்ப்பதாகச் சொன்னான். அகன்ற தொப்பி அணிந்து, வேலைப்பாடு நிறைந்த உடையிலே, கிற்றார் மீட்டிப் பாடும் நட்சத்திரப் பாடகன் ஒருவன் அதிலே வருகிறானாம். "ஐயா, மெக்சிக்கோ என்றவுடன் உலகத்தார் நினைவில் எழும் அந்தக் கோலமும் பாட்டும் அந்நாட்டு நாட்டார் தந்தவையா, சினிமாக்காரர் தந்தவையா?" என்று வினவினான்.

எமக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, "விடுமுறை கழியட்டும், சொல்கிறோம்" என்றோம். அவ்விடுமுறை முழுவதும் தேடியும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று வாசகர்முன் வைக்கிறோம். எம் மாணவனிடம் நாம் தோற்ற கதையும் இதில் அடங்கும்.

மெக்சிக்கோவில் வழங்கும் ஸ்பானிய மொழியிலே 'ரஞ்சோ' என்பது கமத்தையும் அதனைச் சார்ந்த சிறு குடியிருப்பையும் குறிக்கும். அச்சொல்லிலிருந்து பிறந்ததே 'ரஞ்சேரா'. கமத்துப் பாட்டு என்று தமிழிற் சொன்னால் பிழையாகாது. அமைப்பிலே அது மிக எளியது. இரண்டு மூன்று கண்ணிகள், இடையே மீண்டும் மீண்டும் வரும் ஒரு பல்லவி, அவ்வளவே. நடை மூவகைப்படும்: மும்மூன்று எண்ணிக்கையாக ஊஞ்சல்போல் அசையும் வால்ஸ் நடை, இரண்டிரண்டாக விரையும் போல்கா நடை, நான்கு நான்காக மெல்லச் செல்லும் நடை. பொருளோ காதல், அதிலும் சிறப்பாகக் கைவிடப்பட்ட காதல், பிறந்த ஊர், தாய், குதிரை, மதுச்சாலை, மானம், மரணம்.

பாடகர் அடியின் ஈற்றிலே ஒரு சுரத்தைப் பற்றிக்கொண்டு மூச்சுள்ளவரை நீட்டுவார். கேட்போரும் வாளாவிருப்பதில்லை. உள்ளம் தாங்காத இடத்திலே அவர்களுள் ஒருவர் நெடிய கூவல் ஒன்றை எழுப்புவார். அழுகையும் சிரிப்பும் அறைகூவலும் ஒன்றாய்க் கலந்த அக்குரலை அந்நாட்டார் 'கிரித்தோ' என்பர். அது பாட்டுக்கு இடையூறன்று; பாட்டின் ஓர் உறுப்பு.

இப்பாடலுக்குப் பெரும்பாலும் பக்கம் வாசிக்கும் குழுவுக்கு 'மரியாச்சி' என்று பெயர். வயலின்கள் பல, கிற்றார், 'விஹுவேலா' எனப்படும் ஐந்து நரம்புடைய சிறு கருவி, 'கித்தரோன்' எனப்படும் ஆறு நரம்புடைய பெருவயிற்றுக் கருவி, இரண்டு ட்ரம்பெற்றுகள் ஆகியவை இன்றைய குழுவில் இடம்பெறும். தோற்கருவி எதுவும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். தாளத்தைக் காக்கும் பொறுப்பு விஹுவேலாவுக்கும் கித்தரோனுக்கும் உரியது.

மரியாச்சி என்ற பெயரைக் குறித்து நெடுங்காலம் வழங்கிய கதை ஒன்று உண்டு. 1862ஆம் ஆண்டளவில் மெக்சிக்கோவின்மீது படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் தம் திருமணங்களுக்கு இக்கலைஞரை அழைத்தனராம். திருமணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே இவ்வாறு திரிந்ததாம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால், 1852ஆம் ஆண்டிலேயே ரொசமொராதா என்னும் ஊரின் பாதிரியாராகிய கொஸ்மே சந்தா அன்னா என்பவர் தம் ஆயருக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தில் இச்சொல் காணப்படுகிறது. திருநாட் காலத்திலே கோயிலுக்கு முன்னே குடியும் சூதும் கூச்சலுமாக நடைபெற்ற ஆடல்பாடலை அப்பகுதியார் இப்பெயரால் அழைத்தனர் என்று அவர் வருந்தி எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் படை வந்ததோ அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. ஒரு கலையைப் பழித்து எழுதிய கடிதமே அக்கலையின் பழமைக்குச் சான்றாக வாய்த்தது வியப்பன்றோ?

ஆகவே, ஹலிஸ்கோ முதலிய மேற்கு மாநிலங்களில் மரியாச்சி இசை பழங்காலந்தொட்டே இருந்தது என்பதில் ஐயமில்லை. கொக்கூலா என்னும் ஊரைச் சேர்ந்த நால்வர் குழு 1908ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டிற் பதிவாகியிருக்கிறது. இதுவரை படித்தபோது எம் மனம் மகிழ்ந்தது. 'நாட்டார் தந்ததே' என்று மாணவனுக்குச் சொல்லிவிடலாம் என எண்ணினோம். மேலும் படித்தபோதுதான் வழி சறுக்கத் தொடங்கியது.

1910இல் எழுந்த மெக்சிக்கோப் புரட்சி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. போர் ஓய்ந்தபோது நாடு ஒன்றாக இருந்ததேயன்றி மக்கள் ஒன்றாக இருக்கவில்லை. வெராகுரூஸ் கரையில் யாழிசைக்கு ஒத்த ஹார்ப் இசை. சியாப்பாசில் மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் மரிம்பா. யுகத்தானிலே கிற்றாருடன் பாடும் மென்மையான காதற் பாட்டு. இவற்றோடு பழங்குடியினர் பேசும் எத்தனையோ மொழிகள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு முகம் வேண்டும் என்று ஆட்சியாளர் கருதினர். 1921இல் கல்வி அமைச்சரான ஹொசே வஸ்கொன்செலோஸ் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். தியேகோ ரிவேராவும் பிறரும் அச்சுவர்களிலே நாட்டின் வரலாற்றைத் தீட்டினர். கண்ணுக்குரிய முகம் அவ்வாறு உருவாயிற்று. செவிக்குரிய முகத்தை உருவாக்கும் பணி வானொலிக்கும் சினிமாவுக்கும் வந்து சேர்ந்தது.

1930ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆந் திகதி மெக்சிக்கோ நகரில் எக்ஸ்.ஈ.டபிள்யு. என்னும் வானொலி நிலையம் தொடங்கியது. அதன் குரல் நாடெங்கும், நாட்டுக்கு அப்பாலும் கேட்டது. 1936இல் வந்த அரசாங்க விதியொன்று, ஒவ்வொரு நிலையமும் தன் ஒலிபரப்பில் நூற்றுக்கு 25 பங்கேனும் மெக்சிக்கோவுக்கே உரிய இசையை வழங்க வேண்டும் என்று பணித்தது. அதே ஆண்டில் பெர்னாந்தோ தெ ஃபுவெந்தெஸ் நெறிப்படுத்திய 'அய்யா என் எல் ரஞ்சோ கிராந்தே' என்னும் படம் திரையிடப்பட்டது. 'அங்கே, பெரிய கமத்திலே' என்பது அப்பெயரின் பொருள். குதிரை, காதல், சேவற்சண்டை, பாட்டு ஆகியவை நிறைந்த அப்படம் ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளிலெல்லாம் ஓடியது. அதன் ஒளிப்பதிவாளர் கபிரியேல் ஃபிகெரோவா 1938இல் வெனிஸ் விழாவிலே பரிசும் பெற்றார். அதன்பின் அதே வார்ப்பில் படங்கள் தொடர்ந்து வந்தன.

இங்கேதான் எம் பழைய கருத்துக்குச் சான்றுகள் குவிந்தன. மரியாச்சிக் கலைஞர் அணியும் அலங்கார உடையை எடுத்துக்கொள்வோம். அது கமக்காரர் உடையன்று. நிலக்கிழாரும் அவர்தம் குதிரைவீரரும் அணிந்த 'சரோ' உடை. கிராமத்து இசைஞர் அணிந்தது முரட்டு வெண்பருத்தியும் ஓலைத் தொப்பியும் தோற்செருப்புமே. ட்ரம்பெற்றும் அப்படித்தான். பழைய குழுக்கள் பெரும்பாலும் நரம்புக் கருவிக் குழுக்களாகவே இருந்தன. வானொலியிலும் இசைத்தட்டிலும் ஓசை எடுப்பாகக் கேட்கவேண்டும் என்ற காரணத்தால் ட்ரம்பெற் வற்புறுத்தப்பட்டது. 1950களிலே இரட்டை ட்ரம்பெற் வழக்கமாகிவிட்டது.

தெக்கலித்லான் என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வர்காஸ் மரியாச்சி, 1934இல் ஜனாதிபதி லாசரோ கார்தெனாசின் பதவியேற்பு விழாவில் வாசித்துத் தலைநகரிலேயே தங்கிவிட்டது. 1944இல் அக்குழுவிற் சேர்ந்து அதன் ஓசையை வகுத்தமைத்த ருபேன் ஃபுவெந்தெஸ் மேனாட்டுச் சாஸ்திரிய முறையிற் பயின்ற வயலின் கலைஞர். கமத்துப் பாட்டின் மாபெரும் நாயகனாக விளங்கிய ஹோர்ஹே நெக்ரெற்றே இராணுவக் கல்லூரியில் படித்தவர். ஒப்பெரா மேடையைக் கனாக் கண்டவர். 1941இல் ஹலிஸ்கோவின் பெயர் தாங்கிய படத்தில் மரியாச்சியுடன் பாடும்படி கேட்டபோது முதலில் அவர் முகஞ்சுளித்தார் என்பர்.

இவற்றினும் கூரிய முரண் ஒன்று உண்டு. 1934 முதல் 1940 வரை ஆட்சி செய்த கார்தெனாஸ் ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் ஹெக்டேயர் காணியைப் பெருநிலக்கிழாரிடமிருந்து எடுத்துக் கமக்காரர்க்குப் பகிர்ந்தளித்தார். அக்காலத்திலேதான் திரையில் அன்புள்ளம் படைத்த நிலக்கிழாரும் அவரை வணங்கி மகிழும் குடிகளும் பாடிக்கொண்டிருந்தனர். காணிப் பங்கீட்டின் சுவடே அங்கே இல்லை. வெளியே உடைந்துகொண்டிருந்த ஓர் உலகத்தைக் கொட்டகைக்குள்ளே பழுதின்றிக் கட்டி வைத்திருந்தனர்.

இவற்றைப் படித்து முடித்த இரவில் 'சினிமாக்காரர் தந்ததே. ஆகவே பொய்' என்று விடை எழுதிவிட்டோம். ஆனால் உறக்கம் வரவில்லை. பொய்யென்றால், அந்தப் பொய்யை நம்பியோர் யாவர்? அவர்கள் ஏன் அழுதனர்?

மெக்சிக்கோ நகர் அடங்கிய தலைநகர மாவட்டத்தின் சனத்தொகை 1930இல் ஏறத்தாழ 12 இலட்சம்; 1950இல் அது 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளில் இரட்டிப்புக்கு மேல். இவ்வாறு பெருகியோரிற் பெருந்தொகையினர் கிராமத்தைவிட்டு வேலை தேடி வந்தவர்கள். ஆலையிலும் கட்டட வேலையிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைத்தவர்கள். அவர்கள் விட்டு வந்த கமம் திரையிற் கண்ட கமம்போல் இருந்ததில்லை என்பது வேறெவரையும்விட அவர்களுக்கே நன்கு தெரியும். அங்கே பசி இருந்தது, கடன் இருந்தது. ஆயினும் தாய் இருந்தாள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் தெரு இருந்தது. இழந்ததை உள்ளவாறே நினைப்பார் எவருமிலர். கமத்திலே இருந்தவனுக்குக் கமத்துப் பாட்டு வேண்டியிருக்கவில்லை. கமத்தை இழந்தவனுக்கே அது வேண்டியிருந்தது. பாட்டில் வரும் ஊர் கற்பனையாக இருக்கலாம். அதனைக் கேட்டு ஏங்கியவனின் ஏக்கம் கற்பனையன்று.

இதற்கு ஓர் உயிர்ச்சான்று ஹொசே அல்ஃபிரேதோ ஹிமெனெஸ். இவர் 1926இல் குவானஹுவாத்தோ மாநிலத்து டொலோறெஸ் இதால்கோ என்னும் சிற்றூரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1810ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆந் திகதி மிகேல் இதால்கோ என்னும் பாதிரியார் கோயில் மணியை அடித்து ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைக் கூவியழைத்த ஊர் அதுவே. அவ்வழைப்பையும் அந்நாட்டார் 'கிரித்தோ' என்றே சொல்வர். நாட்டின் விடுதலைக்குரலுக்கும் மதுச்சாலையில் பாட்டுக்கிடையே எழும் கூவலுக்கும் பெயர் ஒன்றாயிருப்பது எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

தந்தை இறந்தபின் சிறுவன் தலைநகருக்கு வந்தான். வளர்ந்து உணவுச்சாலையிலே பரிமாறினான். உதைபந்தாட்டக் கழகத்தில் பந்து காத்தான். இசைக்கருவி எதனையும் வாசிக்கத் தெரியாது; சுரம் எழுதவும் தெரியாது. மனத்திலே தோன்றிய மெட்டைச் சீழ்க்கையடித்துக் காட்ட, ருபேன் ஃபுவெந்தெஸ் போன்றோர் அதனைச் சுரப்படுத்துவர். 1950 முதல் அவர் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. குதிரையையும் சேவலையும் பாடிய ரஞ்சேராவை அவர் தனிமனிதனின் தோல்வியைப் பாடும் பாட்டாக்கினார். 'அரசன்' எனப் பொருள்படும் அவரது புகழ்பெற்ற பாட்டிலே பேசுபவனிடம் அரசுமில்லை, செல்வமுமில்லை. மிஞ்சியிருப்பது மானம் ஒன்றே. நகரத்திலே பெயரற்றுப்போன ஆயிரமாயிரம் பேர் அம்மானத்தைத் தமதாக்கிக்கொண்டனர். 1973இல் தம் 47ஆம் வயதில், குடியினால் ஈரல் கெட்டு அவர் மறைந்தார். பிறந்த ஊர் மயானத்தில் அவரது கல்லறை மாபெரும் தொப்பி வடிவிலும், அலையென விரிந்த பன்னிறப் போர்வை வடிவிலும் இன்று நிற்கிறது.

கூலிக்கு எழுதினார் என்பது மெய். இசைத்தட்டுக் கடையிலே விற்றது என்பதும் மெய். ஆயினும் இதனை வெறும் சரக்கு என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

ஊரை இழந்தோர் துயரம் இவ்வளவென்றால், நாட்டையே இழந்தோர் துயரம் எவ்வளவு? 1942 முதல் 1964 வரை 'பிரசேரோ' என்னும் உடன்படிக்கையின்கீழ் மெக்சிக்கோத் தொழிலாளர் அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அவ்வகையில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் மட்டும் ஏறத்தாழ 46 இலட்சம். அவர்களுக்குப் பெரிதும் உவப்பானவற்றுள் சூச்சோ மொங்ஹே இயற்றிய ஒரு பாட்டு, அயல்மண்ணில் இறக்க நேர்ந்தால் தன்னைத் தாய்நாட்டுக்குக் கொண்டு செல்லுமாறு வேண்டும் கருத்துடையது. அதனைப் பாடிப் பரப்பியவர் நெக்ரெற்றே. அவரே 1953ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறந்தார். அவர் உடல் வான்வழியே தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒப்பெராவைக் கனாக் கண்டு கமத்துப் பாட்டுக்கு முகஞ்சுளித்தவர், இறுதியில் அப்பாட்டு சொன்னவாறே ஊர் திரும்பினார். புலம்பெயர்ந்த உறவினரைக் கொண்ட எம் வாசகர்க்கு இதற்குமேல் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும், ஒரு பக்கத்தையே காட்டுவது நேர்மையன்று. நாட்டின் முகமென ஒன்றை வரைந்தால், வரையப்படாது விடுபடும் முகங்களும் உண்டு. ஹலிஸ்கோவின் இசை முழு மெக்சிக்கோவின் இசையாக உயர்ந்தபோது மரிம்பாவும் ஹார்ப்பும் தத்தம் மாநில எல்லைக்குள் ஒதுங்கின. அந்நாட்டிலே இன்றும் வழங்கும் 68 பழங்குடி மொழித் தொகுதிகளை ரஞ்சேரா பொருட்படுத்தியதில்லை. அது ஸ்பானிய மொழியிலேயே பாடியது. மேலும், அதன் உலகம் ஆண்மைச் செருக்கு மலிந்த உலகம். அங்கே பெண் ஒன்றில் போற்றப்படுவாள் அல்லது பழிக்கப்படுவாள்.

அவ்வுலகத்துக்குள் பெண்கள் நுழைந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. 1906இல் குவாதலஹாராவிற் பிறந்த லூச்சா ரெயெஸ் இனிய உச்சக்குரல் படைத்தவர். 1920களின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பயணத்தின்போது தொண்டை நோயுற்றுக் குரல் கெட்டது. மீண்டபோது அது கரகரத்துத் தடித்திருந்தது. அக்குரலை மறைக்காமல், அதனைக் கொண்டே சீறியும் விம்மியும் பாடினார். பெண்கள் ரஞ்சேரா பாடும் வீறார்ந்த பாணி அவ்வாறு பிறந்தது. 1944இல், நாற்பது வயது நிரம்புமுன் அவர் மறைந்தார்.

அவருக்குப்பின் வந்தவருள் ஒருவர் சவேலா வர்காஸ். 1919இல் கொஸ்ரா ரிக்கா நாட்டிற் பிறந்து இளமையிலே மெக்சிக்கோவுக்கு வந்தவர். மரியாச்சியையும் பகட்டான உடையையும் விலக்கி, ஒரு போர்வையைப் போர்த்துக் கிற்றார் இசைக்கு மட்டும் பாடினார். ஆடவன் பெண்ணை நோக்கிப் பாடுவதாக அமைந்த பாடல்களைச் சொல் மாற்றாது அப்படியே பாடினார். பெண்ணை நேசித்த பெண் தாம் என்பதை முதுமையில் வெளிப்படையாகவும் கூறினார். குடியினால் மேடையைவிட்டு நீங்கி நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தவர், 1990களில் மீண்டும் பாட வந்து, 2003இல் எண்பது கடந்த நிலையில் நியூயோர்க் கார்னகி மண்டபத்திற் பாடினார். 2012இல் அவர் இறந்தபோது மெக்சிக்கோ தன் மகளை இழந்ததாகவே அழுதது. அந்நாட்டு மண்ணிற் பிறவாத ஒருவரை அந்நாட்டின் பாட்டு அந்நாட்டவராக்கிவிட்டது. முகம் என்று எண்ணியது உண்மையில் ஒரு வாசல். விலக்கப்பட்டோர் அதனைத் தட்டித் தட்டித் திறந்தனர்.

இன்னொரு வாசலும் உண்டு. லிண்டா ரொன்ஸ்டாட் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசன் நகரிற் பிறந்து ஆங்கிலப் பாடல்களால் பெரும்புகழ் பெற்றவர். அவர் பாட்டனார் மெக்சிக்கோவின் சொனோராவிலிருந்து வந்தவர். வீட்டிலே தந்தையார் பாடிய பழைய பாடல்களைக் கேட்டு வளர்ந்தவரெனினும் அவருக்கு ஸ்பானிய மொழி சரளமாகப் பேச வராது. 1987இல் அவர் மரியாச்சிக் குழுக்களுடன் 'என் தந்தையின் பாடல்கள்' எனப் பொருள்படும் இசைத்தட்டை வெளியிட்டார். அத்தலைப்பு அவருடைய அத்தையார் 1946இல் வெளியிட்ட பாடற்றொகுப்பின் தலைப்பே. அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மொழியை இழந்த தலைமுறை பாட்டை இழக்கவில்லை என்பதை எண்ணும்போது ஆறுதலும் துயரமும் ஒருங்கே தோன்றுகின்றன. பாட்டு மொழிக்கு ஈடாகாது. ஆயினும் மொழி போன வழியே திரும்பி வருதற்கு அது ஓர் ஒற்றையடிப் பாதையாவது தரும். இன்று டெக்சாஸ், அரிசோனா மாநிலப் பாடசாலைகள் பலவற்றில் மரியாச்சி ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. 2011இல் யூனெஸ்கோ நிறுவனம் மரியாச்சியை மானிடத்தின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிந்துகொண்டது.

விடுமுறை கழிந்தது. வகுப்புக்குச் சென்றோம். "நாட்டார் தொடங்கினர், வானொலியும் சினிமாவும் உடை மாற்றி ஓசை கூட்டி விற்றன, மீண்டும் நாட்டார் அதனை வாங்கித் தமதாக்கிக்கொண்டனர்" என்று மாணவனுக்கு விடை சொன்னோம்.

அவன் எளிதில் விடுபவனல்லன். "அப்படியானால் விற்பனைக்கு வரும் எல்லாப் பாட்டும் பண்பாடுதானா, ஐயா?" என்றான்.

இல்லை என்றோம். இதற்கு நாம் கண்ட அளவுகோல் ஒன்றே. களிப்பு முடிந்த இடத்துக்கும் அப்பாட்டு வருகிறதா என்று பார்க்கவேண்டும். மெக்சிக்கோவில் மே மாதம் 10ஆந் திகதி அன்னையர் தினம். அன்று விடியுமுன் பிள்ளைகள் மரியாச்சியை அழைத்துவந்து தாயின் சாளரத்தின் கீழே பாடச் செய்வதுண்டு. அத்தாய் இறந்தாலும் அதே குழு மயானத்துக்கு வரும். ஹுவான் கபிரியேல் இயற்றிய 'நித்திய அன்பு' எனப் பொருள்படும் பாட்டு எத்தனையோ கல்லறைகளின் அருகே பாடப்பட்டிருக்கிறது. அந்த ஹுவான் கபிரியேல் 1990இல் தலைநகரின் நுண்கலை மாளிகையில் பாட வந்தபோது, சாஸ்திரிய இசைக்குரிய மண்டபம் தீட்டுப்பட்டதென்று கற்றோர் சிலர் கண்டித்தனர். 2016இல் அவர் மறைந்தபின் அவர் சாம்பல் அதே மாளிகையில் வைக்கப்பட, பெருந்திரளான மக்கள் வரிசையில் நின்று வணங்கினர். கண்டித்தோருடன் அன்று நாமும் இருந்திருந்தால் கண்டித்திருப்போம் என்பதை மாணாக்கர்க்கு மறைக்கவில்லை.

யார் செய்தது என்று கேட்பது ஆராய்ச்சிக்கு வேண்டும். யார் அதனைத் தாய்க்கும் பிணத்துக்கும் முன்னே பாடினர் என்று கேட்டால்தான் அது எவருடையது என்பது தெரியும்.

மாணவன் அதனைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு அமர்ந்தான். நாமும் எமது பழைய குறிப்பேட்டைத் திறந்து, 'வெறும் சரக்கு' என்ற இரு சொற்களையும் சிவப்பு மையினால் அடித்தோம். அவ்விடத்தில் வேறு சொல் எழுதவில்லை. அடுத்த ஆண்டு வரும் மாணாக்கரைக் கேட்டு எழுதலாம் என்றிருக்கிறோம்.